சீலைக்காரியின் சரித்திரம்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் தெய்வங்களுக்குப் பஞ்சமே இல்லை. கூடலூரிலிருந்து தேனி வரைக்கும் ஒருவன் நடந்தே வந்தானென்றால், வழியில் அவன் கும்பிட்டு முடிக்க வேண்டிய சாமிகளின் எண்ணிக்கை அவன் கடந்து வந்த மைல்களைவிட அதிகமாக இருக்கும். அந்தச் சாமிகளிலும் பெண் தெய்வங்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரிய அம்மன்களைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தேர் உண்டு, சித்திரைத் திருவிழா உண்டு, உண்டியல் உண்டு, அறநிலையத்துறை உண்டு. நான் சொல்ல வந்தது சின்ன அம்மன்களைப் பற்றி. தோட்டத்து மூலையிலும் கிணற்று மேட்டிலும் நட்டுவைத்த ஒரு கல். அதில் கொஞ்சம் மஞ்சள். சில வீடுகளில் கல்கூடக் கிடையாது. ஒரு பெட்டிக்குள் புடவை ஒன்று, இரண்டு கண்ணாடி வளையல், கொஞ்சம் குங்குமம். வருஷத்துக்கு ஒரு நாள் பெட்டியைத் திறந்து, பழைய புடவையை எடுத்துவிட்டுப் புதிது வைத்துப் பொங்கலிடுவார்கள். அவளுக்குப் பெயர் சீலைக்காரி. சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. சீலை கட்டியிருந்தவள், ஆகவே சீலைக்காரி. அவ்வளவுதான்.

அவள் யார் என்று கேட்டால், 'எங்க வம்சத்துல வாழாமச் செத்த பிள்ளை' என்பார்கள். எப்படிச் செத்தாள் என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறும். கிணற்றில் விழுந்தாள் என்பார் ஒருவர். தீப்பாய்ந்தாள் என்பார் இன்னொருவர். சாமியாகி மறைந்து விட்டாள் என்பார் மூன்றாமவர். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒரே கதையை நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் எனக்குச் சந்தோஷந்தான். ஆனால் நாலு பேரும் ஒரே இடத்துக்கு வந்ததும் நாக்கை மடித்துக் கொண்டால், அந்த இடத்தில்தான் உண்மையான கதை கிடக்கிறது என்பது என் தொழில் எனக்குக் கற்றுக் கொடுத்த பாடம். இந்தக் கதைகளிலெல்லாம் நாக்கு மடிகிற இடம் ஒன்றே. அவள் சாகும்படி செய்தது யார் என்ற இடம்.

ஒரு பெண்ணுக்கு அநியாயம் நடந்துவிட்டால் அவளைத் தெய்வமாக்கிவிடுவது நம் வழக்கம். இதில் பக்தி இல்லை என்று நான் சொல்லவில்லை. பயம் இருக்கிறது, பச்சாத்தாபம்கூட இருக்கிறது. ஆனால் வேறு ஒரு சௌகரியமும் இருக்கிறது. தெய்வத்தின் முன்னால் நின்று 'உன்னை யார் கொன்றது?' என்று யாரும் கேட்பதில்லை. வரம் கேட்போம், மழை கேட்போம், பிள்ளை கேட்போம். அதிலும் ஆண் பிள்ளை கேட்போம்!

கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில், மங்கலதேவி மலை உச்சியில் கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் ஜனங்களை விடுவார்கள். பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையாக ஏறுகிறவர்கள் ஏறுவார்கள். மற்றவர்கள் குமுளி வழியாக ஜீப்பில் போவார்கள். இரண்டு ராஜ்ய போலீஸும் நிற்கும். கோயில் யாருக்குச் சொந்தம், பாதை யாருக்குச் சொந்தம் என்று இரு தரப்பும் வாதாடிக் கொண்டிருப்பது பல காலமாக நடந்து வருகிறது. எனக்கு அந்த வழக்கில் அபிப்பிராயம் சொல்லும் தகுதி இல்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். மலை ஏறுகிறவர்களிடம் கண்ணகிக்கு அநியாயம் செய்தவன் யார் என்று கேட்டால், பாண்டியன் என்று உடனே சொல்வார்கள். கோவலன் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. அவன் மேல் யாரும் இதுவரை வழக்குப் போடவில்லை. வேற்றூர் ராஜா செய்த குற்றம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்காரன் செய்த குற்றம் மறந்து போகிறது.

இந்த ஞாபகம், மறதி இரண்டையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் சரித்திர மாணாக்கர்களுக்குத் தெரிந்தவை. பாண்டிய வம்சாவளி, வென்ற போர்கள், மகாபாரதத்தைத் தமிழாக்கிய பெருமை, மதுரையில் சங்கம் வைத்த பெருமை எல்லாம் அதில் உண்டு. அரசி ஒருத்தியின் பெயர் வந்தால் ஓர் அரசனைப் பெற்றவள் என்ற முறையில் வரும். அது அந்தக் காலத்து முறை. குறை சொல்லிப் பயனில்லை. உடன்கட்டை ஏறிய பெண்களுக்குக் கல் நட்டதும் அந்தக் காலத்து முறைதான். ராஜகம்பளத்தாரின் மாலைக்கோயில்களில் கணவனும் மனைவியும் கைகூப்பி நிற்பதைப் பார்க்கலாம். 1829இல் வங்காளத்திலும், 1830இல் சென்னை மாகாணத்திலும் உடன்கட்டையைச் சட்டம் தடுத்தது. அந்தக் கல்லில் நிற்கிற பெண் தானாக நெருப்பில் இறங்கினாளா, இறக்கப்பட்டாளா என்பதைக் கல் சொல்லாது. சிற்பிக்குக் கூலி கொடுத்தது யாரோ, அவர்கள் சொன்ன கதையைத்தான் கல் சொல்லும்.

இனி நம் காலத்துக்கு அருகில் வருவோம்.

எங்கள் ஜனங்கள் நன்றி மறக்கிறவர்கள் அல்லர். 1887இல் தொடங்கி 1895இல் முல்லைப் பெரியாறு அணையைத் திறந்த பென்னிகுவிக் துரைக்கு லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் எழும்பியது. ஆனால் மண்டபம் வருவதற்கு வெகு காலம் முன்பே அவர் படம் டீக்கடைகளில் ஏறிவிட்டது. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். இதே போல இன்னொரு பெயரும் நம் பக்கத்தில் உண்டு. ரோசாப்பூ! மதுரையில் பாரிஸ்டராக இருந்த ஜார்ஜ் ஜோசப்பைக் கள்ளர் ஜனங்கள் 'ரோசாப்பூ துரை' என்று கூப்பிட்டார்கள். அவர் செங்கன்னூர்க்காரர், மலையாளி, காங்கிரஸ்காரர், 1938இல் காலமானவர். அவர் பெயர் ஏன் இங்கே பிள்ளைகளின் பெயராயிற்று என்பதைச் சொல்ல வேண்டுமானால் கைரேகைச் சட்டத்தைச் சொல்ல வேண்டும்.

குற்றப் பரம்பரைச் சட்டம் என்பது 1871இல் வடக்கே பிறந்தது. 1911இல் அதைப் புதுப்பித்துச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டு வந்தார்கள். மதுரை ஜில்லாவில் பிறமலைக் கள்ளர்களை அதன் கீழ்க் கொண்டு வந்தார்கள். அன்றைக்குக் கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை ஜில்லாதான். திருடினவனைப் பிடிப்பது ஒரு சட்டம். இந்தச் சட்டம் அப்படியல்ல. இன்ன ஜாதியில் பிறந்தான் என்பதே போதும். வயது வந்த ஆண்கள் சர்க்கார் பதிவேட்டில் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். ராத்திரியானால் போலீஸ் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய் ஆஜராக வேண்டும். வெளியூர் போக வேண்டுமென்றால் சீட்டு வாங்க வேண்டும். கல்யாணமான முதல் ராத்திரியிலேயே மாப்பிள்ளை சாவடியில் போய்ப் படுத்த கதையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆண்கள் எல்லோரும் சாவடியில் படுத்திருக்கும்போது ஊருக்குள் பெண்கள் எப்படி இருந்தார்கள் என்று யாராவது நினைத்துப் பார்த்ததுண்டா? எந்த வீட்டில் ஆண் இல்லை என்பது யாருக்குத் தெரியும்? பதிவேட்டைக் கையில் வைத்திருக்கிறவனுக்குத் தெரியும். அந்தப் பயத்தை எந்தச் சர்க்கார் அறிக்கையும் எழுதி வைக்கவில்லை. ரேகை வைத்தவன் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. காத்திருந்தவள் பெயர் எதிலும் இல்லை.

1920 ஏப்ரல் 3ந் தேதி, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மாட்டோம் என்று ஊரே நின்றது. போலீஸார் சுட்டார்கள். பதினாறு பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி பெண். மாயக்காள் என்று பெயர். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்று சொல்வார்கள். ஜார்ஜ் ஜோசப் இந்த ஜனங்களுக்காக வாதாடினார். சட்டம் உடனே போய்விடவில்லை. முத்துராமலிங்கத் தேவர் முதலான பலரும் போராடிய பிறகு 1947இல்தான் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. தேசம் முழுவதும் ஒழிய 1952 ஆயிற்று. பெருங்காமநல்லூரில் இப்போது நினைவுத்தூண் இருக்கிறது. வருஷந்தோறும் ஏப்ரல் 3ந் தேதி மாலை போடுகிறார்கள். போடத்தான் வேண்டும்.

ஆக, நமக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தை நாம் நன்றாகவே ஞாபகம் வைத்திருக்கிறோம். இனி மற்றதைச் சொல்ல வேண்டும்.

1986 ஜூன் மாதம் 'இந்தியா டுடே' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. உசிலம்பட்டி வட்டாரத்தில் பிறக்கிற பெண் குழந்தைகளைக் கொன்று விடுகிறார்கள் என்று அது சொல்லிற்று. கள்ளிப்பால் என்ற வார்த்தை அதற்குப் பிறகு தேசமெங்கும் தெரிந்த வார்த்தையாயிற்று. உசிலம்பட்டி என்ற ஊர்ப் பெயரே ஒரு வசைச் சொல்லாயிற்று. 1994இல் தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா 'கருத்தம்மா' என்று படம் எடுத்தார். தியேட்டரில் பெண்கள் அழுதார்கள். அந்த அழுகையில் எத்தனை பேருடையது கதைக்காக அழுத அழுகை, எத்தனை பேருடையது சொந்த அழுகை என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

இது உசிலம்பட்டி சமாசாரம் மட்டுமல்ல. தேனி, திண்டுக்கல், சேலம், தர்மபுரி என்று நீளுகிற ஒரு பட்டை இது. ஷீலா ராணி சுங்கத் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் ஆத்ரேயா என்ற பொருளாதாரப் பேராசிரியரும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளைப் புரட்டி 1997இல் எழுதியபோது இந்தப் பட்டை கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு ஜாதிக்கு உரிய பழக்கம் என்ற பேச்சு அதோடு போயிருக்க வேண்டும், போகவில்லை. 2001 ஜனத்தொகைக் கணக்கில் தேனி மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகள் 900க்கும் கீழே. சேலத்திலும் தர்மபுரியிலும் அதைவிடக் குறைவு. அங்கே குடியிருப்பவர்கள் வேறு ஜாதியார். கள்ளிச் செடி ஜாதி பார்த்து முளைப்பதில்லை.

'தொன்று தொட்டு வந்த வழக்கம்' என்று சிலர் இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். கேட்க முகவெட்டான வார்த்தைதான். ஆனால் சரித்திரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி ஏழு பாகம் எழுதினார். கள்ளர் பெண்கள் கோபம் வந்தால் பெற்ற பிள்ளையையே எதிரி வீட்டு வாசலில் கொன்று போட்டுவிடுவார்கள் என்று 1817இல் டர்ன்புல் எழுதிய ஒரு பேச்சை அதில் எடுத்துப் போட்டிருக்கிறார். ஒரு ஜனக்கூட்டத்தை அடக்கி வைக்க விரும்புகிறவர்கள் அவர்களைப் பற்றி எதையும் நம்புவார்கள். ஆகவே அந்தப் பேச்சை நான் பத்துக்கு ஒரு பங்கு கூட நம்பத் தயாராக இல்லை. ஆனால் அதே புத்தகத்தில் வேறு சங்கதிகளும் இருக்கின்றன. பிடிக்காவிட்டால் கூட்டத்தில் வைத்துத் துரும்பு கொடுத்து உறவை அறுத்துக் கொள்கிற வழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அறுத்துக் கட்டுவது நம் பக்கத்துச் சாதாரண ஜனங்களிடையே ஒரு தலைகுனிவாக இருந்ததில்லை. கல்யாணத்துக்குப் பரிசம் போட்டவன் மாப்பிள்ளை வீட்டுக்காரன். பெண் வேண்டுமென்று வாசலில் வந்து நின்று, பணம் கொடுத்துக் கூட்டிக் கொண்டு போனார்கள். அப்படி இருந்த இடத்தில் பெண் பிறந்தால் குடி முழுகிவிடும் என்ற பேச்சு எப்படி வந்தது?

ஆராய்ச்சிக்காரர்கள் பலர் சொல்வது இது: பாசனமும் பணப்பயிரும் வந்த பிறகுதான் வரதட்சணை வந்தது. வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. கரும்பு, வாழை, திராட்சை என்று பணம் புரள ஆரம்பித்தது. கொஞ்சம் நிலம் சேர்ந்தவன் மேல்ஜாதிக்காரன் செய்கிற மாதிரி கல்யாணம் செய்ய ஆசைப்பட்டான். பரிசம் போய்ச் சீர் வந்தது. சீர் போய்ப் பவுன் கணக்கு வந்தது. உசிலம்பட்டியில் தண்ணீர் ஏது, அது வறண்ட பூமியாயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றுவது, நஞ்சைக்காரன் போடுகிற பவுன்தான் புஞ்சைக்காரனுக்கும் விலை நிர்ணயித்தது. கம்பத்தில் இரண்டு போகம் எடுக்கிறவன் ஐம்பது பவுன் போட்டால், மானாவாரியில் துவரை விதைத்தவனும் மாப்பிள்ளை தேடி அதே சந்தைக்குத்தானே போக வேண்டும்? கல்யாணத்தோடு நின்றதா? காது குத்து, சடங்கு, முதல் பிரசவம், தலைத் தீபாவளி, தாய்மாமன் சீர் என்று பெண்ணைப் பெற்றவன் செய்முறையிலேயே ஆயுளைக் கழித்தான்.

முதல் பெண்ணை வளர்த்தார்கள். இரண்டாவது பெண்ணுக்குத்தான், மூன்றாவது பெண்ணுக்குத்தான் வாய்ப்பில்லாமல் போயிற்று.

இதிலே ஒரு வேடிக்கை. 1961இலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. 1989இல் தமிழ்நாடு ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பிதிரார்ஜித சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்றது. தேசம் முழுவதற்கும் அது வர 2005 ஆயிற்று. சட்டப் புத்தகத்தை மட்டும் படிக்கிற வெளிநாட்டான் ஒருவன், தேனிப் பெண்களைப் போலப் பாக்கியசாலிகள் உலகத்தில் இல்லை என்று நினைத்துக் கொள்வான். நடப்பு என்ன? அப்பன் செத்த முப்பதாம் நாள் முடிந்ததும் அண்ணன் தம்பிகள் அக்கா தங்கைகளைக் காரில் ஏற்றிச் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸுக்குக் கூட்டிப் போவார்கள். விடுதலைப் பத்திரம் என்று ஒன்று எழுதி வைத்திருப்பார்கள். கையெழுத்தைப் போட்டுவிட்டு, ஓட்டலில் பிரியாணி சாப்பிட்டு, ஒரு பட்டுப்புடவையோடு வீடு திரும்புவார்கள் அந்தப் பெண்கள். யாருக்கு எதிலிருந்து விடுதலை என்று நான் கேட்டதற்கு ஒரு பத்திர எழுத்தர் சிரித்துக் கொண்டே, 'அண்ணே, எதையாவது எழுதிப் போடாதீங்க, பொழப்பு கெட்டுரும்' என்றார்.

சர்க்கார் என்ன செய்தது? 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. வளர்க்க முடியாத பெண் குழந்தையை ஆஸ்பத்திரித் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகலாம், சர்க்கார் வளர்க்கும் என்றது. 2001இல் மதுரை, தேனி முதலிய மாவட்டங்களுக்கும் அது வந்தது. கேலி செய்தவர்கள் உண்டு. ஒரு குழந்தை உயிரோடு இருப்பதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. வழக்குகளும் போட்டார்கள். கூண்டில் நின்றவள் பெரும்பாலும் தாய். 'பொட்டப்புள்ளையோட வாசப்படி மிதிக்காதே' என்று சொல்லியனுப்பியவன் சாட்சியாகக்கூட வரவில்லை. பிறகு ஸ்கேன் வந்தது. கள்ளிப்பாலுக்கு வேலை குறைந்தது. கருவில் இருப்பது என்னவென்று சொல்லக் கூடாது என்று 1994இல் சட்டம் வந்தது. 2011 கணக்கில் தேனியின் எண்ணிக்கை மேலே ஏறியிருந்தது, நல்ல சமாசாரந்தான்.

சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில், வாசகர் வட்டத்துக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினேன். பேசி முடித்ததும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார். என் மேல் பிரியமுள்ளவர். "தம்பி, எங்க தாத்தா ரேகை வச்சவரு. 'திருட்டு ஜாதி'ன்னு வெள்ளைக்காரன் எழுதி வச்சதை அழிக்க எங்களுக்கு மூணு தலைமுறை ஆச்சு. இப்ப நீங்க 'கொலைகார ஜாதி'ன்னு எழுதப் போறீகளா? அதுவும் நம்மூர்க்காரவுகளா இருந்துக்கிட்டு?" என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்னும் சொல்லப் போனால், அவருக்கே தெரியாத நியாயம் ஒன்றும் அதில் இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பதற்கு முந்திய வருஷம், 1870இல், வெள்ளைக்கார சர்க்கார் பெண்சிசுக் கொலைத் தடைச் சட்டம் ஒன்று போட்டது. வடமேற்கு மாகாணம், அயோத்தி, பஞ்சாப் ஆகிய இடங்களுக்கு. எந்தக் குலத்தார் மீது சந்தேகமோ அந்தக் குலத்தார் வீட்டுப் பிறப்பு, இறப்பு, கல்யாணமெல்லாம் பதிவாக வேண்டும். காவலுக்கு வைக்கிற போலீஸ் செலவை அவர்களே வரியாகக் கட்ட வேண்டும். மறு வருஷம் வந்த சட்டத்தின் அச்சும் இதே அச்சுதான்: ஆளைப் பார்க்காதே, கூட்டத்தைப் பார். பெண் குழந்தையைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொண்டுதான் அந்தப் பதிவேட்டைத் திறந்தார்கள். ஆகவே, இந்தப் பேச்சை எடுத்தாலே அந்த ஆசிரியருக்குப் பதிவேட்டின் வாடை அடிக்கிறதென்றால், அது அவருடைய கற்பனையல்ல.

ஆனால் அவரிடம் நான் கேட்டதும் ஒன்று உண்டு. "ஐயா, ஒரு ஜாதியே குற்றவாளி என்று எழுதினவன் பொய்யன். ஒரு ஜாதியிலும் குற்றவாளியே இல்லை என்று நாம் எழுதினால் நாம் யார்? பெருங்காமநல்லூரில் செத்த பதினாறு பேரையும் நாம் பெயர் சொல்லி அழைக்கிறோம். பெயர் சொல்லி அழைத்ததனால்தான் வெள்ளைக்காரன் கணக்கு பொய்யாயிற்று. அந்த மரியாதையை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?" என்றேன். இதற்கு யாரும் கைதட்டவில்லை. ஆசிரியர் மட்டும் போகும்போது என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். என்ன அர்த்தத்தில் வைத்தார் என்று இன்றுவரை யோசித்துக் கொண்டிருக்கிறேன்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியதல்ல. அயர்லாந்து தேசமும் இங்கிலீஷ்காரனிடம் அடிமைப்பட்டு, பட்டினி கிடந்து, சுடப்பட்டு விடுதலை பெற்ற தேசம். தங்களுக்கு நடந்த அநியாயத்தை அவர்களைப் போலப் பாட்டாகப் பாடியவர்கள் குறைவு. அங்கே டூவம் என்று ஒரு சிற்றூர். கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களை அடைத்து வைக்கிற இல்லம் ஒன்று 1925 முதல் 1961 வரை அங்கே நடந்தது. நடத்தியவர்கள் கன்னிமார்கள், பணம் கொடுத்தது அவர்களுடைய சொந்த சர்க்கார். கேத்தரின் கார்லஸ் என்ற அந்த ஊர்ப் பெண்மணி, பெரிய பட்டம் பெற்ற சரித்திரப் பேராசிரியரல்லர், ஊர்ச் சரித்திரம் எழுதுவதில் ஆசை கொண்ட ஒரு குடும்பத் தலைவி. அந்த இல்லத்தில் செத்த குழந்தைகளின் மரணச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பணம் கட்டி வாங்கினார். சான்றிதழ் ஒன்றுக்கு நாலு யூரோ. வாங்க வாங்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் 796 ஆயிற்று. அத்தனை பேருக்கும் அடக்கம் செய்த பதிவு எங்கே என்று தேடினால் கிடைக்கவில்லை. 2014இல் இது வெளியே தெரிந்தது. ஊரின் பெயரைக் கெடுக்கிறாள் என்று அவரைத் திட்டினவர்கள் உண்டு. 2017இல் விசாரணைக் கமிஷன் அங்கே பூமிக்கடியில் குழந்தைகளின் எலும்புகளைக் கண்டது. 2021 ஜனவரியில் அயர்லாந்துப் பிரதமர் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். 2025இல்தான் முழுமையாகத் தோண்ட ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் செய்த காரியத்தில் ஆவேசம் எதுவுமில்லை பாருங்கள், எண்ணினார், எழுதினார்.

நம்மிடம் சான்றிதழ் கிடையாது. வீட்டில் பிறந்து, வீட்டில் போன குழந்தைக்கு எந்த மணியக்காரர் பதிவு செய்தார்? நம்மிடம் இருக்கிற பதிவேடு பெற்றவளின் ஞாபகம் ஒன்றுதான். அவர்களுக்கும் வயதாகிக் கொண்டு வருகிறது.

சின்னமனூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் ஓர் ஆத்தா இருக்கிறாள். எழுபது தாண்டியவள். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் தொற்றிக் கொண்டு போய்க் குடும்பத்தைக் காப்பாற்றியவள். பழைய பாட்டுக் கேட்கப் போனவன் நான். பேச்சு எங்கெங்கோ போய்ப் பிள்ளைகளில் வந்து நின்றது.

"எத்தனை பிள்ளை ஆத்தா உங்களுக்கு?"

"பெத்தது ஏழுய்யா. நின்னது நாலு."

நோய் நொடியில் போயிருக்கும் என்று நினைத்துப் பேச்சை மாற்றப் பார்த்தேன். அவளே விடவில்லை.

"மூணும் பொட்டப்புள்ள" என்றாள்.

உள்ளே டெலிவிஷன் ஓடிக் கொண்டிருந்தது. மருமகள் எழுந்து வந்து அதை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே நின்றாள்.

"யார் சொன்னது ஆத்தா?"

"யாரும் சொல்றதில்லய்யா. அவரு திண்ணையில உக்காந்திருப்பாரு. எங்க மாமியா உள்ள வந்து பாக்கும். பாத்துட்டு என்னயத் தூங்கச் சொல்லும். நான் தூங்குற மாதிரி கெடப்பேன்." கொஞ்ச நேரம் கழித்து, "தூங்கலய்யா" என்றாள்.

அவளுடைய பேத்தி ஒருத்தி நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தவள் கேட்டுக் கொண்டே இருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போய் ஒரு நோட்டை எடுத்துக் கொண்டு வந்து பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பத்தா, எந்த வருசம்?" என்றாள்.

ஆத்தாவுக்கு வருஷம் தெரியாது. பேத்தி விடவில்லை. அப்போது எந்தப் பக்கம் வேலைக்குப் போனாய், பெரியப்பா எத்தனாவது படித்தார், மழையா வெயிலா என்று துருவினாள். கடைசிக் குழந்தைக்குத் தடம் கிடைத்தது.

"இந்திரா காந்தியச் சுட்டாகல்ல, அப்ப எனக்கு வயிறு தள்ளிருந்துச்சு. எம்.ஜி.ஆர். அமெரிக்காவுல படுத்திருக்கையில ஆண்டிபட்டியில நின்னாருல்ல, அந்த ஓட்டுப் போடப் போகையில வயித்துல இல்ல."

இந்திரா காந்தியைச் சுட்டது 1984 அக்டோபர் 31. தேர்தல் அதே வருஷம் டிசம்பர் 24. பேத்தி விரல் விட்டு எண்ணிப் பார்த்து, '1984, கார்த்திகை' என்று எழுதினாள். பெயர் என்று ஒரு பத்தி போட்டிருந்தாள். அதை வெற்றாக விட்டாள். நடுவில் பிறந்தது எம்.ஜி.ஆர். முதல் தடவை ஜெயித்து வந்த பிறகு என்பது வரைக்கும் ஞாபகம் வந்தது, அதற்குமேல் வரவில்லை. மூத்ததற்கு ஆத்தா வெகு நேரம் யோசித்தாள். ஆற்றில் தண்ணீர் கரைபுரண்டு போன ஒரு வருஷம் என்றாள். எந்த வருஷம் என்று பிடிபடவில்லை. பேத்தி அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, பொதுப்பணித்துறை ஆபீஸில் அணைத் தண்ணீர்க் கணக்கு இருக்குமா என்று என்னிடம் கேட்டாள்.

இருக்கும் என்று சொன்னேன்.